பிரபலமான பிசினஸ் புத்தகங்களைப் படிப்பதால் நிஜமாகவே பயன் உண்டா?

உண்டு, கதைப்புத்தகமாக நினைத்துப் படித்தால்.

ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' 2001-ல் வந்தது. சுமாராக இருந்து உச்சிக்குப் போன 11 அமெரிக்க கம்பெனிகளை அலசி, ரகசியம் இதுதான் என்றார். அதில் ஒன்று சர்க்யூட் சிட்டி, எலக்ட்ரானிக்ஸ் கடை. 2008-ல் திவால், அடுத்த வருடமே எல்லாக் கிளைகளுக்கும் பூட்டு. இன்னொன்றான ஃபேனி மே-யை, வீட்டுக்கடன் துறையின் பெரிய நிறுவனம், அதே 2008-ல் அரசாங்கம் தன் பிடியில் எடுக்கவேண்டி வந்தது. மனிதர் சும்மா அடித்துவிடவில்லை, ஜெயிக்காத கம்பெனிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஆனால் முடிவு தெரிந்த பிறகு காரணம் தேடினால் ஒரு சிக்கல்: ஜெயித்த முதலாளியின் பிடிவாதத்துக்குப் பெயர் தொலைநோக்கு, தோற்றவர் செய்தால் அதுவே திமிர்.

'ரிச் டாட் புவர் டாட்' புத்தகத்தில் உருப்படியான விஷயம் ஒன்று: எது உங்கள் பைக்குள் பணம் போடுகிறதோ அது சொத்து, எது பையிலிருந்து எடுக்கிறதோ அது கடன்சுமை. வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவருக்கு இது சுருக்கென்று தைக்கும். மற்றதெல்லாம் அதே மாவில் சுட்ட தோசை.

அப்புறம் 'ஹூ மூவ்ட் மை சீஸ்?'. இரண்டு எலி, இரண்டு குட்டி மனிதர்கள், காணாமல் போன சீஸ். மாற்றம் வந்தால் புலம்பாமல் வேறு சீஸ் தேடு என்பதுதான் பாடம். நூறு பக்கம்கூட வராது. என் பழைய ஆபீஸில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள், கூடவே சமோசாவும். மூன்றாவது வாரம் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. சீஸை நகர்த்தியது யாரென்று அப்போதுதான் புரிந்தது.