கோபோலும் டிபி2-வும்: தேவகோட்டைத் தம்பிக்கு ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஒரு பதில்

தம்பி,

காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்து, சென்னையில் சில ஆண்டுகள் ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோபோல் என்ற பழைய நிரல் மொழியிலும் டிபி2 என்ற ஐபிஎம் தரவுத்தளத்திலும் வேலை பார்த்துவிட்டு, எச்-1பி வேலை விசாவில் அண்மையில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வந்து சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். உடன் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் பைதான், கிளவுட் என்றே பேசுகிறார்கள் என்றும், “ஆச்சி, தரவுத்தள வேலைக்குக் கோபோல் இன்னும் செல்லுபடியாகுமா, இல்லை இதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பணம் கட்டி ஒரு தரவு அறிவியல் வகுப்பில் சேர்ந்துவிடட்டுமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். பள்ளத்தூரிலிருந்து வந்து இதே ஊரில் இதே தொழிலில் நிலைத்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

புதிதாக ஒரு தரவுத்தளத்தை அமைக்கிறவர் எவரும் இன்று அதற்காகக் கோபோலைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஏற்கெனவே கை பழகிய ஒருவர் அதை உதறிவிடுவது வீண் செலவு. உங்களுக்கு இங்கே யாரும் கோபோல் இலக்கணத்துக்காகச் சம்பளம் தரப்போவதில்லை. அந்த நிரல்கள் பல பத்தாண்டுகளாக எழுதிச் சேர்த்து வைத்திருக்கும் தரவைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தருவார்கள். ஆகவே நீங்கள் ஆழப்படுத்த வேண்டியது டிபி2 பக்கத்தை.

கோபோலை வகுக்கும் குழு 1959-இல் கூடியபோது இன்று நாம் அறிந்த ரிலேஷனல் தரவுத்தளம் (தரவை டேபிள்களாக வைப்பது) என்ற கருத்தே பிறந்திருக்கவில்லை. அதை முன்வைத்து எட்கர் காட் தம் கட்டுரையை வெளியிட்டது 1970-இல். ஐபிஎம் டிபி2-வை அறிவித்தது 1983-இல். ஆயினும் மெயின்பிரேம் என்ற பெரிய நிறுவனக் கணினியில் இவ்விரண்டும் அவ்வளவு நன்றாகப் பொருந்தின. நிரலில் ஒரு பிரீமியத் தொகையை எஸ்9(9)வி99 காம்ப்-3 (புள்ளிக்கு முன் 9, பின் 2 இலக்கம், நெருக்கி அடைத்தது) என்று அறிவிக்கிறீர்கள். டேபிளில் அதே தொகை டெசிமல்(11,2) என்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் அது 6 பைட்டில் அடங்கிய 11 இலக்கங்களும் ஒரு குறியும்தான் என்பதால், நடுவில், தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்ணாக மாறி ஒரு சென்ட் உதிர்ந்துபோக வழியே இல்லை. வட்டிக் கணக்கில் ஒரு சல்லி பிசகினாலும் இரவு தூங்காத ஊரிலிருந்து வந்த நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொழி செத்துவிட்டது என்பதும் சரியன்று. ஐபிஎம் 2022-இல் கோபோல் நிரலை இயந்திர மொழியாக்கும் தன் கம்பைலரின் 6.4 பதிப்பை வெளியிட்டது. பன்னாட்டுத் தரமும் 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. இன்னொரு பக்கம், 2020 ஏப்ரலில் வேலையின்மை உதவித்தொகைக்கான விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி வெளிப்படையாகவே கேட்டார். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு கோபோல் தெரிந்தவனுக்குத் தங்கச் சுரங்கம் கிடைத்துவிட்டதாக எழுதியவர்களை நம்ப வேண்டாம். (அவர் கேட்டது தன்னார்வலர்களை, சம்பளப் பேச்சு அதில் இல்லை.)

பழைய அமைப்பை மாற்ற வேண்டும் என்பது இந்த நிறுவனங்களுக்குத் தெரியாமல் இல்லை. தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது, அமைப்புதான் தடுமாறியது. 19 லட்சம் பேர் வரை தம் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள், 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன. இதைப் படித்த எந்த நிர்வாகமும் ஒரே இரவில் மாற்றிவிடத் துணியாது. எனவே இங்கே வேலை பெரும்பாலும், பழையதை ஓடவிட்டுக்கொண்டே அதிலிருந்து பகுதி பகுதியாகப் புதிய தளத்துக்குத் தரவை நகர்த்துவதாக இருக்கிறது. அதில் இரண்டு பக்கமும் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

பர்மாவிலும் மலாயாவிலும் நம் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், கடைப் பொறுப்பிலிருந்த மேலாள் மூன்று ஆண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்பிய பிறகு, அடுத்து வந்தவர் பழைய பேரேட்டைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால்தான் வசூலுக்குக் கிளம்ப முடியும். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாற்றுத் திட்டத்தில், மெயின்பிரேமிலேயே அடுக்கி அனுப்பப்பட்ட பாலிசிக் கோப்பையும், லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அடுக்கிய கோப்பையும் பாலிசி எண் வரிசையில் வைத்து, இரண்டையும் அக்கம்பக்கமாகப் படித்துக்கொண்டே ஒப்பிடும் நிரல் ஒன்றை இளைஞர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டிலும் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் அறிக்கையில் பக்கம் பக்கமாக ‘இணை இல்லை’ என்று வந்தது. தரவை மாற்றும் நிரலில் பிழை என்று ஒரு சாராரும், நெட்வொர்க்கில் விட்டுப்போயிற்று என்று இன்னொரு சாராரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெறக் காத்திருந்த ஒரு கோபோல்காரர் இரண்டு கோப்புகளின் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்து வரச் சொன்னார். ஒன்று ஏ என்ற எழுத்தில் தொடங்கும் பாலிசியோடு ஆரம்பித்தது. மற்றது பூஜ்யத்தில் தொடங்கும் பாலிசியோடு. எழுத்துகளுக்கு எண் தரும் மெயின்பிரேமின் எப்சிடிக் குறிமுறையில் எழுத்துகள் முன்னால் வரும், இலக்கங்கள் கடைசியில் வரும்: ஏ-யின் மதிப்பு பதினாறடிமானத்தில் சி1, பூஜ்யத்தின் மதிப்பு எஃப்0. லினக்ஸின் ஆஸ்கி குறிமுறையிலோ பூஜ்யம் 30, ஏ 41. தரவில் ஒரு குறையும் இல்லை. அடுக்கிய வரிசைதான் வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு கோப்புகளையும் ஒரே இடத்தில் மறுபடி அடுக்கியதும் சிக்கல் தீர்ந்தது. கோபோலை ஜாவாவாக மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐபிஎம் 2023-இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் மாற்றி வந்த நிரல் பழையதைப் போலவே கணக்குச் சொல்கிறதா என்று பார்க்க, இப்படி முதல் பக்கத்தைப் பார்த்ததும் கண்டுபிடிக்கிற ஆள் இன்னமும் வேண்டியிருக்கிறது.

டிபி2-வில் எதை ஆழமாகப் படிப்பது என்றால், நிரல் எழுதுவதோடு நின்றுவிடாமல், அது தரவுத்தளத்தை எந்த வழியில் தொடுகிறது என்பதைப் படியுங்கள். அந்த வழியைக் காட்டச் சொல்லும் எக்ஸ்பிளெய்ன் கட்டளை கொடுத்து, அது எழுதும் பிளான் டேபிளைத் திறந்து, எந்த இண்டெக்ஸில் எத்தனை நெடுவரிசை பொருந்தியிருக்கிறது, எங்கே டேபிளின் சேமிப்பிடம் (டேபிள்ஸ்பேஸ்) முழுவதும் துழாவப்படுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். டேபிளின் புள்ளிவிவரத்தை ரன்ஸ்டாட்ஸால் எடுத்த பிறகு, வழியை மறுபடி தேர்ந்தெடுக்க ரீபைண்ட் செய்தால் அந்த வழி ஏன் மாறிவிடுகிறது என்பதும் தெரிய வேண்டும். நேர்காணலில் -818 என்ற பிழை எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். ஓடும் நிரலான லோட் மாட்யூலின் நேரக்குறியும், அதன் தரவுத்தளக் கட்டளைகள் அடங்கிய, பைண்ட் செய்த டிபிஆர்எம்மின் நேரக்குறியும் ஒத்துப்போகவில்லை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு அடுத்த கேள்வியில்தான் ஆளை எடைபோடுவார்கள்: இரவு பேட்ச் (மொத்தமாக ஓடும் வேலை) பாதி ஓடும்போது, பூட்டுச் சிக்கலைச் சொல்லும் -911 வந்து நின்றால், காலையில் எங்கிருந்து தொடர்வீர்கள்? மாற்றங்களை உறுதிப்படுத்திய கடைசிக் கமிட்டுக்குப் பிறகு செய்தவை எல்லாம் திரும்பப் பெறப்பட்டிருக்கும் என்பதையும், தொடர வேண்டிய சாவியை அதே கமிட்டுக்குள் ஒரு ரீஸ்டார்ட் டேபிளில் எழுதியிருக்க வேண்டும் என்பதையும், கமிட் ஆனதும் வரிசையாகப் படிக்கும் கர்சர் மூடிவிடாதபடி வித் ஹோல்ட் போட்டிருக்க வேண்டும் என்பதையும் உங்கள் சொந்த அனுபவத்தோடு சொன்னால் போதும். இந்த அறிவில் பெரும்பகுதி ஆரக்கிளுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் பெயர் மாறி அப்படியே செல்லும்.

விசா நிலைமையையும் இதோடு சேர்த்தே யோசியுங்கள். எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வேலையைத் தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். மெயின்பிரேம் வேலைகள் ஹார்ட்ஃபோர்ட், சார்லட், கொலம்பஸ், டி மாய்ன் என்று வங்கியும் காப்பீடும் செழித்த சில ஊர்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றிலும் ஒப்பந்த வேலைகள் நிறைய. கோபோல் மட்டும் தெரிந்தவருக்கு அந்த 60 நாள் மிகக் குறுகியதாக இருக்கும் என்பதால்தான், அதன் பக்கத்தில் பைதானையும் போஸ்ட்கிரெஸையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோபோலுக்குப் பதிலாக அன்று.

அதற்காக அந்தத் தரவு அறிவியல் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். போஸ்ட்கிரெஸும் பைதானும் இலவசம். இரண்டையும் உங்கள் மடிக்கணினியில் நிறுவி, நீங்களே இட்டுக்கட்டிய போலித் தரவை ஒரு காப்பிபுக் (கோபோல் பதிவின் அமைப்பு) வடிவில் எழுதி, காம்ப்-3 எண்களைப் பிரித்து டேபிளில் ஏற்றிப் பாருங்கள். அலுவலகத் தரவை எக்காரணம் கொண்டும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். பிறகு உங்கள் சுயவிவரத்தின் முதல் வரியில் ‘கோபோல் நிரலாளர்’ என்றிருப்பதை ‘டிபி2 தரவுத்தளமும் மெயின்பிரேம் நிரலாக்கமும்’ என்று மாற்றி, சென்னையில் நீங்கள் கவனித்த ஒரு பேட்ச் வேலை எந்த டேபிள்களைத் தொட்டது, எங்கே கமிட் செய்தது, நின்றால் எங்கிருந்து தொடர்ந்தது என்று அதன் கீழே நான்கு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.