பொது விசாரணை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது

வணக்கம். பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் ஏரியை ஒட்டி 1,20,000 சதுர மீட்டரில் அடுக்குமாடி வருகிறது, மக்களிடம் கருத்துக் கேட்கவே இல்லை, இது சட்டவிரோதம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கட்டும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். மக்களிடம் கருத்துக் கேட்கும் பொது விசாரணையிலிருந்து மட்டும் விலக்கு. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. ஆனாலும் அதையே வாதமாக வைக்காதீர்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் விண்ணப்பத்தைத் தேடி எடுங்கள். ஏரி, ராஜகாலுவே (மழைநீர்ப் பெருங்கால்வாய்) எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே போகும் என்று எழுதியிருப்பதை நில அளவைத் துறையின் கிராம வரைபடத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். வரைபடத்தில் கால்வாய் இருந்து விண்ணப்பத்தில் இல்லையென்றால், உங்கள் கை ஓங்கும் இடம் அதுதான். தகவலை வேண்டுமென்றே மறைத்து வாங்கிய அனுமதியை ரத்து செய்ய அதே அறிவிக்கை வழி தருகிறது. விண்ணப்பத்தை ஆராயும் மாநில மதிப்பீட்டுக் குழு இன்னும் பரிசீலிக்கவில்லை என்றால், மழைக்காலப் படங்களைத் தேதியோடு சேர்த்து இப்போதே அந்தக் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள்.

ஏரியிலிருந்து 75 மீட்டருக்குள் கட்டவே கூடாது என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் போட்ட உத்தரவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2019இல் ரத்து செய்துவிட்டது.

அனுமதி வந்துவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு ஏற்க மாட்டார்கள்.