வாசகர் கேள்வி பதில்: கேயாஸுக்கு என்ன படைப்பது?

கேள்வி: கிரேக்கர்களின் ஜீயஸுக்கும் முந்திய ஆதி தெய்வங்களான கேயாஸ், கையா, நிக்ஸ் இவர்களை இன்றைக்கும் சிலர் கும்பிடுகிறார்கள் என்று போனில் படித்தேன். ஆசைப்பட்டு என் அறை மூலையில் மூன்று கல் வைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "நம்ம மாரியாத்தா போதாதாடா?" என்கிறார். நான் செய்வது சரிதானா? கேயாஸுக்கு என்ன படைக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கேயாஸுக்கு ஒன்றும் படைக்க வேண்டாம் தம்பி, அந்தக் கிரேக்கர்களே படைக்கவில்லை. கேயாஸ் என்றால் குழப்பம் என்று நாம் இன்று நினைப்பது பிற்காலத்து அர்த்தம், பழைய அர்த்தம் வாய் பிளந்து கிடக்கும் வெற்றிடம். கி.மு. 700 வாக்கில் ஹெசியட் என்ற புலவர் பாடிய தெய்வ வம்சாவளியில் முதலில் உண்டானது அதுதான், அப்புறம் அகன்ற மார்புள்ள பூமியான கையா, பாதாளமான டார்டரஸ், ஆசையான ஈரோஸ். கேயாஸிலிருந்து இருளும் இரவும் பிறந்தன, அந்த இரவுதான் உங்கள் நிக்ஸ், இரவுக்குப் பிறந்த பிள்ளை பகல். இருட்டுக்கு வெளிச்சம் பிள்ளை என்று வைத்த அந்த ஒரு இடத்துக்காகவே எனக்கு ஹெசியட்டைப் பிடிக்கும்.

இந்தப் பட்டியலில் எல்லோருக்கும் கோயில் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் கதையில் வருகிறவர்கள், அவ்வளவுதான். நிஜமாகக் கும்பிடப்பட்டவள் கையா. ஒலிம்பியாவில் அவளுக்குச் சாம்பலாலேயே ஆன பலிபீடம் இருந்தது, டெல்ஃபியில் முதன்முதலில் குறி சொன்னவளே அவள்தான் என்பது கிரேக்கர் நம்பிக்கை. மெகாரா ஊரில் இரவுக்கு ஒரு குறிமேடை இருந்ததாக, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பவுசானியாஸ் எழுதி வைத்திருக்கிறார். அவரே இன்னொன்றும் சொல்கிறார், தெஸ்பியா ஊர்க்காரர்கள் ஈரோஸாகக் கும்பிட்டதில் மிகப் பழையது உளி படாத ஒரு வெறும் கல். அதனால் உங்கள் மூன்று கல்லில் தப்பில்லை, நம் ஊர் ஆலமரத்தடியில் மஞ்சள் பூசி நிற்பதும் அப்படிப்பட்ட கல்தானே. ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள், வெற்றிடத்துக்கு இடத்தைக் காலியாக விடுவதுதான் பொருத்தம்.

அம்மா விஷயம். ஒரு தெய்வத்தைக் கும்பிட்டால் இன்னொன்றை விட வேண்டும் என்ற கணக்கு பழைய கிரேக்கர்களிடம் கிடையாது. அடுத்த மாரியம்மன் பொங்கலுக்கு நீங்களே முன்னால் நின்று அடுப்பு மூட்டுங்கள், கல்லைப் பற்றிய பேச்சு தானாக அடங்கிவிடும்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் இதே மாதிரி கிரேக்க பூமித் தாய்க்கு என்று பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் பால் ஊற்றுகிறாளாம். இதற்கு முறை ஏதாவது உண்டா, இல்லை அவளாகச் செய்கிறதா?
– குடும்பத் தலைவி, வேலந்தாவளம்

பதில்: முறை உண்டம்மா, பாதியைத்தான் அவள் செய்கிறாள். மேலே இருக்கும் தெய்வங்களுக்கு என்றால் கையை வானத்துக்குத் தூக்கி, கொஞ்சம் மதுவைச் சிந்திவிட்டு மீதியைக் குடிப்பார்கள். பூமிக்குக் கீழே இருப்பவர்களுக்கும் செத்தவர்களுக்கும் கை தரையைப் பார்க்கும், கிண்ணத்தில் உள்ளது முழுவதும் மண்ணில் போகும், ஒரு சொட்டுகூட நமக்கில்லை. பால், தேன், தண்ணீர், மது இவைதான் ஊற்றுவது. ஆனால் மண்ணில் ஊற்ற வேண்டும்! கான்கிரீட்டில் ஊற்றினால் எறும்புக்குத்தான் போகும். ஒரு பூந்தொட்டி வாங்கிக் கொடுங்கள், போதும்.

கிரேக்கப் புராணத்துப் பாடகன் ஆர்ஃபியஸ் பெயரில் 87 துதிப்பாடல்கள் கிடைத்திருக்கின்றன, இன்று இந்த வழியில் போகிறவர்கள் அதிகம் பாடுவது அவற்றைத்தான். அநேகமாக ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் எதைப் புகைக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். ஆகாயத்துக்குச் சாம்பிராணி வகை, பூமிக்கு அவரை, மொச்சை மாதிரிக் கொட்டைகள் தவிர எந்தத் தானியமும் ஆகும். இரவுக்குக் கொள்ளிக்கட்டை. இந்தக் கடைசிக் குறிப்பை மட்டும் தங்கை மகளிடம் சொல்லிவிடாதீர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பு.

கேள்வி: கிரீஸ் நாட்டில் சட்டம் இதை விடுகிறதா?
– வாசகர், கோபாலபுரம்

பதில்: விடுகிறது. 4ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பலியையும் கோயில் வழிபாட்டையும் தடை செய்தார். 2006இல் ஏதென்ஸ் நீதிமன்றம் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் சங்கம் வைத்துக்கொள்ள வழிவிட்டது, 2017இல் அரசு அதை ஒரு மதமாக ஏற்றது. நடுவில் இத்தனை நூற்றாண்டு அறுந்து போனது, பூசாரிப் பரம்பரை எதுவும் மிஞ்சவில்லை, ஏட்டைப் படித்துத்தான் மறுபடி கட்டுகிறார்கள்.

கேள்வி: கையா என்பது நம் பூமாதேவிதானே? பெயர்தானே வேறு?
– ஆசிரியை (ஓய்வு), சித்தூர்

பதில்: அப்படிச் சொல்லத்தான் எனக்கும் ஆசை, முடியவில்லை. நாம் பொறுமைக்கு உதாரணமாக நிலத்தைச் சொல்கிறோம். கையா பொறுத்துக்கொள்கிறவள் இல்லை. கணவன் யுரேனஸ், அதாவது வானம், பிள்ளைகளைப் பிறக்க விடாமல் கையாவின் வயிற்றுக்குள்ளேயே அடைத்தபோது, அவள் தானே ஓர் அரிவாளைச் செய்து கடைசி மகன் குரோனஸ் கையில் கொடுத்து அப்பனை அறுக்கச் சொன்னவள். பின்னாளில் அந்த மகன் தன் பிள்ளைகளை விழுங்கியபோது பேரன் ஜீயஸை ஒளித்து வைத்தவளும் அவள்தான், அதே ஜீயஸ் ஜெயித்ததும் அவன்மேல் டைஃபோன் என்ற பூதத்தைப் பெற்று ஏவியவளும் அவள்தான். இவள் பக்கத்தில் நம் காளியை வேண்டுமானால் உட்கார வைக்கலாம்.

ஆனால் ஒற்றுமை ஓர் இடத்தில் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். நம் பாலக்காட்டுப் பக்கம் மகர மாதக் கடைசியில், நமக்குத் தை முடியும் சமயம், உச்சாரல் வரும். பூமி தீட்டாக இருக்கிறாள் என்று ஏர் பூட்ட மாட்டார்கள், மண்ணைக் கிளற மாட்டார்கள், நெல் பத்தாயத்தைத் திறக்க மாட்டார்கள். மண்ணுக்கு உடம்பு உண்டு என்று நினைத்து நடந்துகொள்வது, கிரேக்கன் கையைக் கவிழ்த்துப் பால் ஊற்றியதும் அதே நினைப்பில்தான். இப்போது டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிற நாளில்தான் உழவு, உச்சாரல் யாருக்கு ஞாபகம்.

கேள்வி: இரவைக் கும்பிட்டால் பேய் வருமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, மீனாட்சிபுரம்

பதில்: வராது கண்ணு. இரவின் பிள்ளைகளில் சாவு, கிழத்தனம், சண்டை எல்லாம் உண்டு, ஆனால் தூக்கமும் கனவும் அவள் பிள்ளைகள்தான். ஒருமுறை ஜீயஸ் கோபத்தில் துரத்தியபோது தூக்கம் ஓடிப் போய் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டதாம், அவள் மனம் நோகக் கூடாது என்று ஜீயஸே திரும்பிப் போய்விட்டானாம். பரீட்சை முடிகிற வரை பத்தரைக்கு லைட்டை அணைத்துவிடு.