டியூப் தீர்ந்ததும் திரும்பி வரும் படர்தாமரை

கேள்வி: வயது 34, வேன் ஓட்டுகிறேன். ஏழு மாதமாகத் தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் தந்த ஆயின்ட்மென்டைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. நிறுத்தினால் முன்னிலும் அதிகமாகப் படர்கிறது. இரத்தம் கெட்டுவிட்டதா, புற்றுநோயா என்று இணையத்தில் தேடித் தூக்கமே போய்விட்டது. தொடையில் சில சிவப்புக் கோடுகளும் விழுந்துள்ளன. டியூப்பின் படத்தை இணைத்துள்ளேன்.

மருத்துவர் பதில்: நீங்கள் விவரிப்பது புற்றுநோயின் போக்கே அன்று, ‘இரத்தம் கெடுவது’ என்றொரு நோய் மருத்துவத்தில் இல்லை. சர்க்கரை அளவை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, தேடலை நிறுத்துங்கள்.

கவலைப்பட வேண்டியது, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிவப்புக் கோடுகளுக்குத்தான். உங்கள் டியூப்பின் மீது பொடி எழுத்தில் நான்கு மருந்துகள் உள்ளன: டெர்பினாஃபின், ஆஃப்லாக்ஸசின், ஆர்னிடசால், குளோபெட்டசால். இவற்றில் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்வது முதலாவது மட்டுமே. அடுத்த இரண்டும் பாக்டீரியா போன்ற வேறு கிருமிகளுக்கானவை. சீழோ தேன்நிறப் பொருக்கோ இல்லாத படர்தாமரையில் அவற்றுக்கு வேலையே இல்லை. கடைசியில் இருக்கும் குளோபெட்டசால், பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. இரண்டு நாளில் அரிப்பை அடக்கியது அதுதான்; தோலின் எதிர்ப்பைத் தூங்கவைத்துப் பூஞ்சையை உள்ளே செழிக்க விட்டதும் அதுவே. விதைப்பைத் தோல், முன்கைத் தோலைவிட ஏறத்தாழ 40 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சும். தொடையிடுக்கும் மெல்லிய தோல்தான். அங்கே மாதக்கணக்கில் பூசினால் தோல் நைந்து கோடுகளாகப் பிளக்கும். அவை நாளடைவில் வெளிறுமே தவிர முழுமையாக மறையா. வீரியமான ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதித்தும், சோப்பு வாங்குவதுபோல இதை வாங்கிவரும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆகவே அந்த டியூப்பை இன்றே நிறுத்திவிட்டு, இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். முதல் சில நாள்கள் அரிப்பும் சிவப்பும் பொங்கி எழும். பயந்துபோய் மறுபடியும் அதையே பூசிவிடாதீர்கள். எத்தனை டியூப் தீர்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, காலி டியூப்பையே காட்டுங்கள். மருத்துவர் ஓரத்துச் செதிளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கக்கூடும். இவ்வளவு நாள் ஆனதால் மாத்திரையும் தேவைப்படலாம். ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பைத் தந்தால், படர்தாமரை வளையத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூசி, தோல் தெளிந்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் அவர் சொல்லும் நாள்வரை தொடருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். துண்டைப் பகிர வேண்டாம். உள்ளாடையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். நாள் முழுதும் வேனில் வியர்வையோடு உட்கார்பவர் இறுக்கமான ஜீன்ஸைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.