நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெயர்

கேள்வி: எனக்கு வயது 42. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன்; ஒயிட்ஃபீல்டில் கணக்குப் பிரிவில் வேலை. மகனுக்கு ஆட்டிசம் என்று சோதித்தபோது மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் சிறுவயதே விடையாக இருந்தது. சென்ற மாதம் எனக்கும் ஆட்டிசம் என்று உறுதி செய்திருக்கிறார்கள். சேலத்திலுள்ள அம்மா, "படித்தாய், வேலை பார்க்கிறாய், பிள்ளை பெற்றாய், இனி எதற்கு இந்தப் பட்டம்?" என்கிறார். அலுவலகத்தில் சொல்லலாமா? மாத்திரை உண்டா? வீடு திரும்பியதும் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கணவர் கோபம் என்று நினைக்கிறார்.

பதில்: கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் நாள் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. மெட்ரோவின் நெரிசலையும், பேச்சுக்கு நடுவே எப்போது சிரிக்க வேண்டும் என்ற கணக்கையும், போனை எடுக்கும் முன் மனத்துக்குள் ஒத்திகை பார்க்கும் வாக்கியங்களையும் பகல் முழுக்கச் சுமந்துவிட்டு வருகிறவருக்கு அந்த இருட்டு ஓய்வுதானே தவிர, நோய்க்குறி அல்ல. ஆட்டிசத்தை மறைத்து நடமாடுவதற்கு ஆகும் செலவு அது. ஆட்டிசத்தைத் தமிழில் குறிக்கும் மதியிறுக்கம் என்ற சொல்லை நான் தவிர்ப்பதும் இதனால்தான்; உங்கள் மதி எங்கும் இறுகிவிடவில்லை.

அம்மாவின் கேள்வியில் வருத்தமும் கலந்திருக்கக்கூடும். ஆட்டிசத்தை முதலில் விவரித்த மருத்துவர்களான லியோ கானர் 1943-லும் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-லும் குழந்தைகளைப் பற்றித்தான் எழுதினார்கள்; நன்றாகப் பேசவும் படிக்கவும் தெரிந்தவர்களும் இதில் அடங்குவார்கள் என்பதை மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-ல் எழுதிய பிறகே மருத்துவ உலகம் மெல்லக் கவனித்தது. நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில், ஓரமாக உட்கார்ந்து முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணுக்கு 'அடக்கமான பிள்ளை' என்ற பாராட்டுத்தான் கிடைத்திருக்கும். தாயின் பாசக்குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் அமெரிக்காவில் சொல்லப்பட்ட கொள்கை எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. மரபணுக்களின் பங்கே பெரிது. இதை அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கல்யாண வீடுகளில் மேளச் சத்தத்துக்கு ஒதுங்கிப் பந்திக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றவர் உங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவராக மட்டும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே வரும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு.

அலுவலக விஷயத்தில் அவசரம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டிய கடமை தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. அரசு வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கோ குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் வேண்டும்; வேலைக்குப் போய்க் குடும்பமும் நடத்துகிறவருக்கு அந்த அளவு கிடைக்காமல் போகலாம். அந்தச் சதவீதம் உங்கள் களைப்பை அளப்பதில்லை என்பதால், அதற்காக மனம் உடைய வேண்டாம். ஆட்டிசம் என்ற பெயரை ஒரு முறை சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஆகவே முதலில் தேவையை மட்டும் கேளுங்கள் என்பதே என் கருத்து. வாய்மொழி உத்தரவுகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வதற்கும், உணவுக்கூடத்தின் சத்தம் எட்டாத இருக்கையைக் கேட்பதற்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அவை மறுக்கப்பட்டால் அப்போது சட்டத்தையும் பெயரையும் எடுக்கலாம்.

கணவரிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் யாரும் கதவைத் தட்டக்கூடாது, குக்கரையும் அதன் பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குப் பதிலாகப் படுக்கையறையின் திரையை இழுத்துவிட்டு அங்கேயே உட்காரலாம். ஈரத்தரையில் ஏன் உட்கார வேண்டும்? பள்ளியிலிருந்து திரும்பும் மகனுக்கும் அப்படி ஒரு மூலை தேவைப்படுகிறதா என்று பாருங்கள்.