கடைக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதால் கடைக் கணினியை லினக்ஸுக்கு மாற்ற எண்ணம். எலிமென்டரி ஓஎஸ்தான் அழகு என்று மகன் நிற்கிறான். அதை நம்பித் தொழில் நடத்தலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: மகனுக்கு நல்ல ரசனை, அக்கா. எலிமென்டரிக்காரர்கள் பாந்தியன் என்ற முகப்பை, அதாவது திரையில் தெரியும் மெனு, பட்டி எல்லாவற்றையும், தாங்களே எழுதினார்கள். கோப்புகள், அமைப்புகள், நாட்காட்டி எல்லாம் ஒரே கை செய்தது என்று பார்த்தவுடன் தெரியும். அந்த உழைப்பில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அடியில் ஓடுவது உபுண்டு என்ற பிரபலமான லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதனால் உறுதியும் இருக்கிறது. ஆனால் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் புதிதாக நிறுவச் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். வீட்டில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. காணி உறுதியும் வினாத்தாளுமாக ஆட்கள் காத்து நிற்கும் கடைக்குச் சரிவராது.

புதுமையை எந்த அடுக்கில் செய்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். 2011இல் க்னோம் என்ற லினக்ஸ் முகப்பின் 3ஆம் பதிப்பு வந்து, பழகிய மெனுவும் கீழ்ப்பட்டியும் போனபோது, லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸின் குழு க்னோமின் நிரலையே எடுத்துத் தன் வழியில் மாற்றி சின்னமன் முகப்பை உருவாக்கியது. வன்பொருளை இயக்கும் அடிமென்பொருளான கேர்னலையும் பெரும்பாலான பாதுகாப்புத் திருத்தங்களையும் உபுண்டுவிடம் எடுத்துக்கொண்டு, தங்கள் கைவண்ணத்தை மேலே காட்டினார்கள். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22க்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

யூனிட்டியையும் சொல்ல வேண்டும். உபுண்டு 2011இல் டெஸ்க்டொப்பின் பிரதான முகப்பாக்கி, 2017இல் கைவிட்ட வடிவமைப்பு அது. இடப்பக்கப் பட்டியும் மேலே ஏறிய மெனுவும் சின்னத் திரையில் எவ்வளவு இடம் மிச்சம் பிடித்தன! எனக்கு இன்றும் அந்த இழப்பில் வருத்தம்தான். ஆனாலும் அடித்தளம் அசையவில்லை, பாவித்தவர்கள் க்னோமுக்கு மாறி வேலையைத் தொடர்ந்தார்கள்.

சரி, கடைக்கு மின்ட் சின்னமன் போடுங்கள். மகன் தன் மடிக்கணினியில் எலிமென்டரியைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். நிறுவ முதல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, பிரின்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையையும் அப்போதே தட்டிப் பாருங்கள். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் குழம்பித் தெரியும். அப்புறம், கணினியைப் பழைய நிலைக்கு மீட்க உதவும் டைம்ஷிப்டை இயக்கிவிடுங்கள். வழக்கமான அமைப்பில் அது இயங்குதளத்தையும் அதன் அமைப்புகளையும் மட்டும்தான் மீட்டுத் தரும், வாடிக்கையாளர் கோப்புகளை வேறு ஹார்ட் டிஸ்கில் தனியே எடுத்து வையுங்கள்.