லெவலா, ஸ்டேஜா, கிரேடா? தருமபுரி டீச்சர் பதில்கள்

தருமபுரி பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவள் நான். 'நிலை' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி இந்த வாரம் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டீச்சர், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். லெவல், ஸ்டேஜ், கிரேடு, ரேங்க், டிகிரி எல்லாவற்றுக்கும் 'நிலை' என்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதை எங்கே போடுவது என்று குழம்புகிறது. – அரூர் மாணவி

அந்த 'நிலை'யை முதலில் அடித்துவிடு கண்ணு, குழப்பமே அதனால்தான். தமிழில் நமக்கு மட்டம், கட்டம், படி, வரிசை, தரம், அடுக்கு என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றோடு போய் நிற்கும்.

லெவல் என்றால் மட்டம். சிறு தராசைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்பிரிட் லெவல் என்றுதான் பெயர். இரு மொழியிலும் கருவிக்கும் கருத்துக்கும் ஒரே சொல் அமைந்திருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கிரேடு, 'கிராதுஸ்' என்ற லத்தீன் சொல்லின் பிள்ளை. அதற்குப் பொருள் காலடி, படி. டிகிரியும் அதே வீட்டுப் பிள்ளைதான். ரேங்க் என்பது வரிசை, சிப்பாய்கள் நிற்கும் வரிசையை நினைத்துக்கொள். டையர் என்றால் அடுக்கு. உன் தேர்வையே டையர் 1, டையர் 2 என்றுதானே பிரித்திருக்கிறார்கள்?

கோடிட்ட இடம் வந்தால் வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார். பேச்சுவார்த்தை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்றால் ஸ்டேஜ். ரத்தத்தில் சர்க்கரை அளவு என்றால் லெவல். நம் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறார்களே, அதுவும் லெவல்தான்.

போர்வெல் மோட்டார் வாங்கப் போனேன். கடைக்காரர் 'த்ரீ ஃபேஸ், பதினைந்து ஸ்டேஜ்' என்கிறார். என் மகனின் அகராதியில் இரண்டுக்குமே 'கட்டம்' என்று இருக்கிறது. பிறகு ஏன் இரண்டு சொல்? – பென்னாகரம் விவசாயி

அண்ணா, இத்தனை வருடத்தில் எந்த மாணவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. உங்கள் மோட்டாரை வைத்தே சொல்லிவிடலாம்.

பம்புக்குள் இம்பெல்லர்கள், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழே இருப்பது தண்ணீரை வாங்கி, அழுத்தத்தைக் கூட்டி, மேலே இருப்பதற்குக் கொடுக்கும். அது இன்னும் கூட்டி அடுத்ததற்குத் தள்ளும். ஆழம் கூடக் கூட ஸ்டேஜும் கூட வேண்டும். ஒன்றைக் கடந்தால்தான் அடுத்தது, இதுதான் ஸ்டேஜ். டவுன் பஸ்ஸில் 'அடுத்த ஸ்டேஜ் வந்துவிட்டது, கூட டிக்கெட் எடுங்கள்' என்று கண்டக்டர் சொல்வதும் இதே சொல்தான். அந்த பஸ்களுக்குச் சட்டத்தில் 'ஸ்டேஜ் கேரியேஜ்' என்று பெயர். வேர்ச்சொல்லுக்கு 'நிற்றல்' என்று பொருள், ஒரு பயணத்தில் நின்று போகும் இடம்.

ஃபேஸ் என்பது வேறு. கிரேக்கத்தில் அதற்குத் 'தோற்றம்' என்று பொருள். நிலா வளர்கிறது, தேய்கிறது, திரும்ப வளர்கிறது. அந்த ஒவ்வொரு தோற்றமும் ஒரு ஃபேஸ். த்ரீ ஃபேஸ் கரண்டில் மூன்று கம்பியிலும் அதே அளவு அலைதான் ஓடுகிறது, ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு சுற்று, அதாவது 120 டிகிரி, தள்ளி வரும். மூன்றாவது ஃபேஸ் முதல் ஃபேஸை விட உயர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பதினைந்தாவது ஸ்டேஜில் இருக்கும் தண்ணீருக்கோ முதல் ஸ்டேஜ் தண்ணீரை விட அழுத்தம் அதிகம்.

தேர்தலுக்கு ஃபேஸ் என்று போடுவதும் அதனால் பொருந்துகிறது. 2024 மக்களவைத் தேர்தல் ஏழு கட்டமாக நடந்தது, நாம் ஏப்ரல் 19 அன்று முதல் கட்டத்தில் ஓட்டுப் போட்டோம். ஏழாவது கட்டத்துக்காரர் நம்மை விட மேலே போய்விடவில்லை.

பட்டுப்புழுவுக்கு எது, ஸ்டேஜா ஃபேஸா? – பாலக்கோடு

ஸ்டேஜ். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்று நான்கு. புழு நான்கு தடவை தோலுரித்து ஐந்து பருவம் கடக்கும். அந்தப் பருவத்துக்கு மட்டும் 'இன்ஸ்டார்' என்று தனிச்சொல் உண்டு.

அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் கிரேடு 3 என்று இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜ் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள். – கிருஷ்ணகிரி

தம்பி, இதை இன்றைக்கே வீட்டில் படித்துக் காட்டு. இரண்டும் ஒன்றல்ல. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது புற்றுநோய் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதுதான் கிரேடு. கட்டி எவ்வளவு பெரிது, நிணநீர்க் கணுக்களுக்கோ வேறு உறுப்புக்கோ பரவியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஸ்டேஜ். அதற்கு ஸ்கேன் போன்ற வேறு பரிசோதனைகளும் தேவைப்படும். கிரேடு 3 ஆக இருந்தும் ஸ்டேஜ் 1-லேயே கண்டுபிடிக்கப்படுவது உண்டு. கிரேடு 3 லேசான விஷயம் என்று சொல்ல வரவில்லை, அந்த செல்கள் வேகமாக வளரக்கூடியவை. சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் இரண்டு எண்ணையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம். டாக்டரிடம் 'ஸ்டேஜ் என்ன?' என்று தனியாகக் கேள். அம்மா நலமாக வேண்டும்.

இரண்டாம் நிலைக் காவலரில் வரும் 'நிலை' ரேங்க்கா, கிரேடா? – காரிமங்கலம்

கிரேடு. கான்ஸ்டபிள் என்ற ஒரே பதவிக்குள் உள்ள பிரிவு அது. கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், எஸ்ஐ என்று ஏறும் வரிசைதான் ரேங்க். ரேங்க்கும் பார்க்கும் வேலையும் வேறுவேறாகவும் இருக்கலாம். 1792-ல், அப்போது பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் வட்டாரத்தை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீட், ராணுவத்தில் கேப்டன். அது அவர் ரேங்க். இங்கே அவர் பார்த்ததோ நிலவரி வேலை. அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் ராணுவக்காரர்தான்.

அப்புறம், மத்திய அரசுச் சம்பளத்தில் பதவியின் படியைக் காட்டிய 'கிரேடு பே' என்ற தொகை 2016-லிருந்து இல்லை. ஏழாவது ஊதியக் குழு அதை எடுத்துவிட்டு லெவல் 1 முதல் 18 வரை என்று வைத்துவிட்டது.

தீக்காயத்தில் ஃபர்ஸ்ட் டிகிரி என்றால் பெரிய காயமா? – ஓசூர் நர்சிங் மாணவி

இல்லைம்மா, அதுதான் லேசானது. எண் கூடினால் ஆழமும் கூடும். அமெரிக்கச் சட்டத்திலோ ஃபர்ஸ்ட் டிகிரி கொலைதான் மிகக் கொடியது. ஒன்று என்ற எண் உச்சியா, தொடக்கமா என்று துறைக்குத் துறை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரேங்க் 1 உச்சி, ஸ்டேஜ் 1 தொடக்கம்.

கிருஷ்ணகிரி கேஆர்பி அணையில் இத்தனை அடி, ஒகேனக்கல்லில் இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் வருகிறதே, இரண்டுமே வாட்டர் லெவல்தானே? – காவேரிப்பட்டினம் மாணவன்

அணையில் அடிக்கணக்கு லெவல்தான், அங்கே முழு உயரம் 52 அடி. ஒகேனக்கல் கணக்கு, ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது. அதற்கு ஃப்ளோ என்று எழுது கண்ணு.